13 நாள், 10 விமானம்: இந்திர லால் ராயின் கணக்கு

முதல் உலகப்போரில் ‘ஏஸ்’ என்ற பெயருக்கு உரியவரான ஒரே இந்தியர் இந்திர லால் ராய். ஐந்து எதிரி விமானங்களையாவது வீழ்த்திய விமானியை அப்படிச் சொல்வார்கள். ராயின் கணக்கில் இருப்பவை பத்து. சாகும்போது அவருக்கு வயது 19. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் சொல்லி, ஒரு சவக்கிடங்குக் கதையையும் சேர்த்து முடித்துவிடுவார்கள்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒரு கேள்வி எழும். ராய் கமிஷன் பெற்றது, அதாவது படையில் அதிகாரியானது, 1917 ஜூலை 5. முதல் எதிரி விமானத்தை வீழ்த்தியது 1918 ஜூலை 6. இடைப்பட்ட ஒரு வருடத்தில் அவர் கணக்கு பூஜ்யம். அப்புறம் ஜூலை 6 தொடங்கி 19 வரை மளமளவென்று பத்து. 22ஆம் தேதி அவரே வீழ்த்தப்பட்டார். ஒரு வருடம் எதுவும் நடக்காத ஒருவரிடம் திடீரென்று இவ்வளவு எப்படி நடந்தது? பிறவித் திறமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தத் திறமை முந்தைய பன்னிரண்டு மாதங்களும் அவரிடம்தானே இருந்தது?

ராய் பிறந்தது 1898 டிசம்பர் 2, கல்கத்தாவில். அப்பா பியேரா லால் ராய் பாரிஸ்டர். அம்மா லலிதா ராய் பிள்ளைகளோடு லண்டனில் குடியேறியவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1911இல் லண்டனில் நடந்த முடிசூட்டுவிழாப் பேரணியில் சேலை கட்டிக்கொண்டு நடந்த இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர். அண்ணன் பரேஷ் லால் ராய் பிற்காலத்தில் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பெயர் வாங்கினார். வசதியான, ஆங்கிலம் புழங்கும், யாருக்கும் பயப்படாத குடும்பம். இந்திர லாலை நண்பர்கள் ‘லாடி’ என்று கூப்பிட்டார்கள். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் ராயல் ஃபிளையிங் கோர் எனப்பட்ட பிரிட்டிஷ் விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று முதலில் தள்ளிவிட்டார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்து சான்று வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

கண்ணைவிடப் பெரிய தடை தோல். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக ‘தூய ஐரோப்பிய வம்சாவளி’ வேண்டும் என்பது விதி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போருக்குப் போனார்கள். அவர்களில் எத்தனை அனுபவசாலியான சுபேதாராக இருந்தாலும் நேற்று வந்த வெள்ளைக்கார லெஃப்டினன்டுக்கு சல்யூட் அடிக்கத்தான் வேண்டும். விமானப் பிரிவில் அந்தக் கதவை முதலில் தட்டியவர் ராய் இல்லை, ஹர்தித் சிங் மாலிக். ராவல்பிண்டிக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், சசெக்ஸ் அணிக்காக கிரிக்கெட் ஆடியவர். பிரிட்டன் சேர்க்க மறுத்ததால் பிரான்சுக்குப் போய் செஞ்சிலுவை ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிரெஞ்சு விமானப் படை அவரை எடுத்துக்கொள்ளத் தயாரானபோது, ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் ஒருவர் விமானப் பிரிவின் தலைவர் டேவிட் ஹெண்டர்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் பிரெஞ்சுக்காரனுக்குப் போதும், நமக்குப் போதாதா என்பதுதான் கடிதத்தின் சாரம். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. 1917 ஏப்ரலில் மாலிக் சேர்ந்தார்.

அந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். 1917 ஏப்ரலை பிரிட்டிஷ் விமானிகள் ‘ரத்த ஏப்ரல்’ என்றார்கள். அராஸ் சண்டையை ஒட்டி அந்த ஒரே மாதத்தில் சுமார் 245 விமானங்கள் போயின. வண்டி செய்துவிடலாம், ஓட்ட ஆள் எங்கே? கடிதம் மட்டும் கதவைத் திறந்திருக்காது. ஆள் பஞ்சமும் சேர்ந்துதான் திறந்தது என்று நினைக்கிறேன். அந்த இடைவெளியில் நுழைந்த இந்திய விமானிகளாக நான்கு பேரைச் சொல்வார்கள்: மாலிக், ராய், பம்பாய்க்காரரான வெலிங்கர், கல்கத்தாவின் எரோல் சென். நான்கு பேருமே வசதியான வீட்டுப் பிள்ளைகள், இங்கிலாந்தோடு தொடர்பு உள்ளவர்கள். சாதாரண இந்தியனுக்கு அந்தக் கதவு கடைசிவரை திறக்கவில்லை.

ராய் பிரான்சில் வாந்தோமில் விமானம் ஓட்டவும் ஸ்காட்லாந்தில் டர்ன்பெரியில் சுடவும் கற்றுக்கொண்டு, 1917 அக்டோபர் இறுதியில் 56ஆம் ஸ்குவாட்ரன் என்ற படையணிக்குப் போனார். அன்றைய பிரிட்டனின் நட்சத்திர அணி அது. பேர்பெற்ற ஏஸ்களில் ஆல்பர்ட் பால் அங்கே இருந்து செத்தவர், ஜேம்ஸ் மெக்கடன் அங்கே இருந்தார். ராய்க்குக் கிடைத்தது ரிச்சர்ட் மேபெரியின் ஃபிளைட். ஸ்குவாட்ரனின் உட்பிரிவுதான் ஃபிளைட். ஆனால் அவர் அங்கே ஒன்றும் சாதிக்கவில்லை. சில வாரங்களிலேயே தரையிறங்கும்போது விமானத்தை மோதி, பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சவக்கிடங்குக் கதை இங்கேதான் வருகிறது. மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தவரை இறந்துவிட்டார் என்று சவக்கிடங்கில் போட்டுவிட்டார்களாம். இரவில் விழித்தவர் கதவைத் தட்டித் தட்டி, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் கத்த, காவலாளி பேய் என்று நடுங்கிவிட்டாராம். நடந்திருக்கலாம். ஆனால் வாய்வழியாக வந்து வந்து மெருகேறிய கதையின் வாசனை இதில் நன்றாகவே அடிக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்த விபத்துக்குப் பிறகு அவரைப் பறக்கத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் ஒதுக்கினார்கள் என்பதும், அவர் விடாமல் மல்லுக்கட்டி மீண்டும் பறக்க அனுமதி வாங்கினார் என்பதும்தான். படுத்திருந்த காலத்தில் விமானங்களைப் படம் படமாக வரைந்து தள்ளினார். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன.

1918 ஜூனில் 40ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். பிரான்சின் வடக்கே தளம். ராயின் ஒரு வருடத்துக்கும் 13 நாளுக்கும் இடையிலான முடிச்சு இந்த இடத்தில்தான் அவிழ்கிறது.

40ஆம் ஸ்குவாட்ரனை வளர்த்தவர் எட்வர்ட் மேனக். தனியாகப் போய் வீரம் காட்டுவதை வெறுத்தவர். அவருடைய பாடம் சுருக்கமானது: எதிரியைவிட எப்போதும் உயரத்தில் இரு, சமமான உயரத்தில் அபூர்வமாகச் சண்டை போடு, கீழே இருந்து ஒருபோதும் போகாதே. புதிதாக வந்த பையன்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போய், எதிரியை முதலில் பார்க்கக் கற்றுக்கொடுத்து, சில சமயம் தான் பாதி முடித்த வேட்டையை அவர்களிடம் விட்டுக்கொடுத்து தைரியம் ஏற்றுவார் என்று அவரோடு பறந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் அப்படித் தேறியவர் டப்ளின்காரரான ஜார்ஜ் மெக்எல்ராய். மெக்எல்ராயும் ஆரம்ப மாதங்களில் ஒன்றும் செய்யவில்லை, பிறகு மொத்தம் 47. ராய் 1918 ஜூனில் சேர்ந்தது இந்த மெக்எல்ராயின் ஃபிளைட்டில்.

அந்தக் காலத்து விமானச் சண்டையில் புதியவர் சாவதற்கு முதல் காரணம் பார்க்கத் தெரியாததுதான். ஓட்டத் தெரியும், சுடத் தெரியும். ஆனால் பத்தாயிரம் அடிக்கு மேலே, வெயிலுக்கு எதிராக நிற்கும் ஒரு புள்ளி மேகமா, பறவையா, விமானமா, விமானம் என்றால் யாருடையது என்று சொல்லத் தெரியாது. சுடப்பட்ட பிறகுதான் எதிரி இருந்ததே தெரியும். இது புத்தகத்தில் வராது. பார்க்கத் தெரிந்த ஒருவரின் இறக்கைக்குப் பக்கத்தில் சில வாரம் பறந்து, அவர் எப்போது திரும்புகிறார், எதற்குத் திரும்புகிறார் என்று கவனித்தால்தான் வரும்.

ராய் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ விமானத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மரச்சட்டத்தில் துணி போர்த்திய இரட்டைத் தட்டு இறக்கை, தண்ணீரால் குளிரும் 200 குதிரைசக்தி எஞ்சின், மணிக்கு 220 கிலோமீட்டர் அளவில் வேகம். அந்த நாளுக்கு அது பெரிய வேகம். கட்டுறுதியானது, குத்தென்று கீழே பாய்ந்தாலும் இறக்கை பிய்ந்துவிடாது. இரண்டு துப்பாக்கிகள். விக்கர்ஸ் துப்பாக்கி விமானியின் முன்னால், சுற்றும் விசிறியின் இடைவெளியில் சுடும். லூயிஸ் துப்பாக்கி மேல் இறக்கையின் மேலே, விசிறிக்கு மேலாகச் சுடும். அதன் வட்டமான தோட்டாத் தட்டில் 97 குண்டுகள். விரலை அழுத்திப் பிடித்தால் பத்துப் பதினைந்து நொடியில் காலி.

காலியான தட்டை மாற்றுவதுதான் கூத்து. துப்பாக்கி ஒரு வளைந்த தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் பிடியை விடுவித்து, பின்பக்கமாக இழுத்தால் வாய் வானத்தைப் பார்த்துக்கொண்டு மடிக்கு மேலே இறங்கி வரும். கட்டுப்பாட்டுக் கோலை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, தடித்த கையுறை போட்ட கையால் பழைய தட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, துப்பாக்கியை மறுபடி மேலே தள்ள வேண்டும். காற்று தட்டையும் கையையும் சேர்த்துப் பின்னால் இழுக்கும். இதற்கிடையில் எவனாவது பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதே தண்டவாளத்தால் ஒரு நன்மையும் உண்டு. துப்பாக்கியைப் பாதி இறக்கி மேல்நோக்கி வைத்துக்கொண்டு, எதிரியின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து சுடலாம். ஆல்பர்ட் பால் இதில் கைதேர்ந்தவர்.

வயிற்றுக்குக் கீழே என்பது முக்கியம். ராயின் பட்டியலில் முதலாவதும் கடைசியும் ஹானோவர் விமானங்கள். இரண்டு பேர் உட்காரும் ஜெர்மன் விமானம், முன்னால் விமானி, பின்னால் திரும்பி உட்கார்ந்து சுடும் ஆள். பார்க்கச் சிறியது, தூரத்தில் ஒற்றை ஆள் சண்டை விமானம் போலத் தெரிந்து ஏமாற்றும். பின்னால் இருப்பவனின் துப்பாக்கிக்கு வால் குறுக்கே வரக்கூடாது என்று வாலையே சின்ன இரட்டைத் தட்டாகச் செய்திருந்தார்கள். அதனால் ‘சும்மா பின்னால் போய்ச் சுடுவது’ நடக்காது. போகிறவன் முகத்தில்தான் குண்டு விழும். அவனுடைய பார்வைக்கு மறைவான கீழ்ப்பக்கத்தில் ஒளிந்து, வாலைக் கேடயமாக வைத்துக்கொண்டு மேலே ஏறி, மிகக் கிட்டத்தில் சுட வேண்டும். சீக்கிரம் சுட்டால் வீண், தாமதித்தால் மோதல். மெக்எல்ராய் போன்றவர்கள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

சரி, அந்த 13 நாட்கள். ஜூலை 6 காலை ட்ரோகூர் பக்கம் ஒரு ஹானோவர். 8ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13இல் இரண்டு, 15இல் இரண்டு, 18இல் ஒன்று, 19இல் கான்யிகூர் மேலே கடைசி ஹானோவர். ஃபாக்கர் டி.7 விமானங்களும் பட்டியலில் இருக்கின்றன. அன்று ஜெர்மனியிடம் இருந்த மிகச் சிறந்த சண்டை விமானம் அது. எனவே கிடைத்ததைப் பொறுக்கினார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரம் ஜெர்மனியின் பெயர்பெற்ற படையணிகள் பலவும் தெற்கே மார்ன் ஆற்றுப் பக்கம் குவிந்திருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஜூலை 15இல்தான் அங்கே ஜெர்மனியின் கடைசிப் பெருந்தாக்குதல் தொடங்கியது.

பத்து என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பிரிட்டிஷ் கணக்கில் இரண்டு வகை. கண்ணெதிரே எரிந்தோ நொறுங்கியோ தரையில் விழுந்தால் ‘அழிக்கப்பட்டது’. கட்டுப்பாடு இழந்து சுழன்று கீழே போவதைப் பார்த்து, விழுந்ததைப் பார்க்காவிட்டால் ‘கட்டுப்பாடு இழந்தது’. ராயின் பத்தில் அழிந்தவை ஐந்து, கட்டுப்பாடு இழந்தவை ஐந்து. இரண்டு வகையிலும் ஒவ்வொன்று மற்றவர்களோடு பங்கிட்டது. பங்கிட்டாலும் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் முழு ஒன்று சேரும்.

சுழன்று போன விமானம் எல்லாம் செத்துவிட்டதா என்றால், இல்லை. தப்பிக்க வேண்டுமென்றே சுழல்வது அன்றைய விமானிகளின் வழக்கமான தந்திரம். கீழே போய் நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஜெர்மானியர்கள் இந்த வகையை ஏற்பதே இல்லை. விழுந்த விமானத்தின் எச்சமோ சாட்சியோ வேண்டும், ஒரு விமானம் ஒருவருக்குத்தான். அவர்களால் அப்படிக் கறாராக இருக்க முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. சண்டை பெரும்பாலும் நடந்தது ஜெர்மன் பக்கத்து வானில். எதிரியின் எல்லைக்குள் போய்த் தாக்கு என்பதுதான் பிரிட்டிஷ் விமானப் பிரிவின் கொள்கை. விழுவதெல்லாம் ஜெர்மன் மண்ணில் விழும், ஜெர்மானியர்கள் நடந்து போய் எண்ணிக்கொள்ளலாம். ராய் போன்றவர்களால் எப்படிப் போய்ப் பார்க்க முடியும்? ஜெர்மன் முறையில் கணக்கிட்டால் ராயின் எண்ணிக்கை பாதியாகிவிடும். அதற்காக அவர் பொய்க்கணக்கு காட்டினார் என்று ஆகாது. அவருடைய படையில் எல்லோருக்கும் அதே அளவுகோல்தான், மெக்எல்ராய்க்கும் மேனக்குக்கும் அதேதான். நாடு மாறினால் அளவுகோல் மாறும் என்பதால்தான் ஏஸ்களை எண் வைத்து வரிசைப்படுத்தும் பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. ஏஸ் என்ற பட்டமே பிரெஞ்சுப் பத்திரிகைகள் கிளப்பிவிட்டது. ஜெர்மனி தன் ஏஸ்களின் படத்தை அஞ்சலட்டையில் போட்டு விற்றது. பிரிட்டிஷ் தலைமையோ, தனி ஆளைத் தூக்கிப் பிடித்தால் குண்டு போடுகிறவனுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் மரியாதை போய்விடும் என்று அந்தச் சொல்லையே அதிகாரப்பூர்வமாக ஏற்கவில்லை.

பிரிட்டிஷ் விமானிக்கு இன்னொரு தொல்லை, காற்று. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். சண்டை சுற்றச் சுற்ற எல்லோரும் கிழக்கே, ஜெர்மன் பக்கம் அடித்துச் செல்லப்படுவார்கள். அடிபட்ட எஞ்சினோடு எதிர்காற்றில் வீடு திரும்ப வேண்டும். பாராசூட் கிடையாது. ஜெர்மன் விமானிகளுக்கு 1918இல் பாராசூட் வந்துவிட்டது. பிரிட்டிஷ் சண்டை விமானிகளுக்குப் போர் முடியும்வரை வரவில்லை. விமானம் தீப்பிடித்தால் எரிவதா, குதிப்பதா என்பது மட்டுமே தேர்வு.

ஜூலை 22 காலை, லென்ஸுக்கும் லீலுக்கும் இடையில் கார்வின் மேலே, ஜெர்மனியின் 29ஆம் சண்டைப் படையணியின் ஃபாக்கர்களோடு நடந்த மோதலில் ராயின் விமானம் தீப்பிடித்து விழுந்தது. ஜெர்மன் பக்கத்தில்தான். எஸ்தவெல் ஊர்க் கல்லறையில் புதைத்தார்கள். அவரிடம் இருந்த மொத்தப் பறக்கும் அனுபவம் ஏறக்குறைய 170 மணி நேரம்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 26இல், மேனக் செத்தார். ஒரு புதிய விமானிக்கு முதல் வேட்டை வாங்கித் தரப் போய், விழுந்த விமானத்தைத் தொடர்ந்து தாழ இறங்கி, தரையிலிருந்து வந்த குண்டில் மாட்டினார். அப்படி இறங்காதே என்று மற்றவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தவர் அவர். ஜூலை 31இல் மெக்எல்ராயும் தரைக் குண்டில் போனார். ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் என்று மூன்று தலைமுறையும் பத்தே நாளில் முடிந்தது. ராயின் 13 நாளை உண்டாக்கிய அதே பள்ளிக்கூடம்தான் இது. சாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், தினம் இரண்டு மூன்று முறை மேலே போகிறவனுக்கு ஒரு நாள் தப்பு நேர்வது அங்கே சகஜம்.

செப்டம்பர் 21இல் ராய்க்கு டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கம் உருவாகியே நாலு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 13 நாளில் ஒன்பது எதிரி விமானங்களை வீழ்த்தினார், ஒரே ரோந்தில் இரண்டை வீழ்த்தியதும் உண்டு என்று அதற்கான குறிப்பு சொல்கிறது. மற்ற மூவரில் வெலிங்கர் 1918 ஜூன் இறுதியில் வீழ்த்தப்பட்டு இறந்தார். சென் 1917 செப்டம்பரிலேயே பிடிபட்டு ஜெர்மனியில் கைதியாக இருந்துவிட்டு வந்தார். மாலிக் காலில் குண்டுகளோடு பிழைத்து, சுதந்திர இந்தியாவின் பிரான்ஸ் தூதராகி, 1985 வரை வாழ்ந்தார்.

இந்தியன் சண்டை விமானம் ஓட்டுவானா என்ற கேள்விக்கு இந்த நால்வரும் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் போர் முடிந்ததும், ஆள் பஞ்சம் தீர்ந்ததும், கதவு மறுபடி சாத்தப்பட்டது. புதிதாகப் பிறந்த ராயல் ஏர்ஃபோர்ஸில் இந்தியர்களுக்கு இடமில்லை. மாலிக் அரசுப் பணிக்குப் போய்விட்டார். வெள்ளைக்கார மெக்கானிக் இந்திய அதிகாரியின் கீழ் எப்படி வேலை செய்வான் என்பதுதான் உள்ளே ஓடிய கவலை. 1920களில் ராணுவத்தை இந்தியமயமாக்கும் விவாதம் சூடுபிடித்து, ஸ்கீன் குழு அறிக்கை வந்து, 1930இல்தான் ஆறு இந்திய இளைஞர்கள் கிரான்வெல் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார்கள். 1932 அக்டோபர் 8இல் இந்திய விமானப்படை பிறந்தபோதும் அதே கவலைக்கு வழி செய்துவிட்டார்கள். தனிப்படை, அதிகாரியும் இந்தியன், மெக்கானிக்கும் இந்தியன். அந்த முதல் மெக்கானிக்குகளுக்கு ‘ஹவாய் சிப்பாய்’ என்று பெயர். 1933 ஏப்ரலில் கராச்சியில் தொடங்கிய முதல் ஸ்குவாட்ரனிடம் இருந்தவை நான்கே நான்கு வாபிட்டி விமானங்கள்.

கிரான்வெல் போன இளைஞர்களில் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. ராய்க்கு மருமகன் முறை. 1954 ஏப்ரல் 1இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானார். மாமன் கமிஷன் வாங்கி அப்போது 37 வருடம் முடியப்போகிறது. ராய் பெற்ற அதே பதக்கத்தை, 1942இல் பர்மா போருக்காக, ‘ஜம்போ’ என்று எல்லோரும் கூப்பிட்ட கருண் கிருஷ்ண மஜும்தார் வாங்கினார். அவரும் கல்கத்தாக்காரர்தான்.